கூண்டும் வயலும்: கண்ணழற்சி ஆய்வு பற்றிய ஒரு குறிப்பு

நோய் உடலின் உள்ளிருந்து பிறக்கிறதா, சூழலிலிருந்து வருகிறதா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவது. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது பிழை என்பதை, பரம்பரை அலகு மாற்றப்பட்ட சுண்டெலிகளைக் கொண்டு நடத்தப்பெற்ற கண்ணழற்சி ஆய்வுகள் புலப்படுத்துகின்றன.

கண்ணின் நடுப்படலத்தில் தோன்றும் அழற்சியை மருத்துவர் ‘யுவைற்றிஸ்’ என்பர். கண் சிவந்து வலிக்கும், பார்வை மங்கும், கவனியாது விடின் குருடாகவும் நேரிடும். கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள் சொந்த விழித்திரையையே தாக்குவதால் விளைவது இதன் ஒரு வகை. பார்வையுள்ள கண்ணிலிருந்து விழித்திரையை வெட்டியெடுத்து ஆராய்தல் எளிதன்று. எனவேதான் சுண்டெலி மாதிரியாகிறது. ‘ஏயர்’ என்னும் பரம்பரை அலகு நீக்கப்பட்ட சுண்டெலிகளில் இத்தகைய அழற்சி தானாகவே தோன்றுவது 2002 இல் காட்டப்பட்டது. தன்னுடலைத் தாக்கக்கூடிய கலங்களைக் களைந்தெறியும் ஏற்பாடு அவற்றிற் குலைந்திருந்தது.

ஆயின் பரம்பரை அலகே அனைத்தையும் தீர்மானிக்கிறது என்று கொள்ளலாகாது. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தில் ரேச்சல் காஸ்பி குழுவினர், விழித்திரைப் புரதமொன்றை இனங்காணும் வாங்கியைக் கொண்ட கலங்கள் மிகுந்த சுண்டெலிகளை உருவாக்கினர். அவற்றுக்கும் அழற்சி தானாகவே உண்டாயிற்று. ஆனால், குடலிலுள்ள நுண்ணுயிர்களை மருந்தால் ஒடுக்கியபோது நோயின் கடுமை குறைந்தமையை 2015 இல் அவர்கள் வெளியிட்டனர். பரம்பரை அமைப்பு ஒன்றே; சூழல் மாறவே நோயும் மாறிற்று.

எனினும், கூண்டின் சூழல் ஆய்வாளர் அமைத்த சூழல். அங்கு உழைப்பு இல்லை. கிருமியால் தூண்டப்படும் மற்றொரு வகைக் கண்ணழற்சியை நோக்கின் இக்குறை தெளிவாகும். 1993 இன் பிற்பகுதியில் தமிழகத்தில் ஏற்பட்ட வெள்ளத்தின் பின், 1994 இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணழற்சியாளர் திரளாக வந்தனர். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்ரோஸ்பைரா கிருமியோடு அந்நோய் தொடர்புற்றிருந்தமை ஆய்வில் வெளிப்பட்டது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து அக்கிருமி தோற்காயத்தின் வழியே உடலினுட் புகும். காய்ச்சல் தணிந்து மாதங்கள் கழிந்த பின்னரும் கண் பாதிப்புறலாம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களிற் சேற்றில் நின்று உழைப்போருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2008 இல் எலிக்காய்ச்சல் இலங்கையிற் பெருமளவிற் பரவியது. காய்ச்சலை மறந்துவிட்ட விவசாயி, மங்கிய கண்ணோடு மருத்துவரிடம் வரும்போது, முன்பு காய்ச்சல் கண்டதா, செய்யும் தொழில் யாது என்னும் வினாக்கள் கேட்கப்படாவிடின் காரணம் மறைந்தே போகும். அழற்சி கண்ணினுள் எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சுண்டெலி கற்பிக்கிறது. யாருடைய கண்ணில், ஏன் நிகழ்கிறது என்பதை அறிய, உழைப்பின் நிலைமைகளையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் வேண்டும்.