நீத்துப்பெட்டிக்கு எத்தனை பகடை?

கணினித் திரையில் பிறந்த ஓர் உலகை மேசை விளையாட்டாக, அதாவது சிலர் கூடியிருந்து ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பேசியும் பகடை உருட்டியும் 'நடத்துநர்' ஒருவரின் துணையுடன் கதையை நகர்த்தும் ஆட்டமாக மாற்றும் வழக்கம் மேலைநாடுகளில் வேரூன்றிவிட்டது. 1997இல் வெளிவந்த 'ஃபால்அவுட்' என்னும் கணினி விளையாட்டு, முதலில் ஒரு மேசை விளையாட்டின் விதிகளை நம்பித் திட்டமிடப்பட்டு, பின்னர் அவற்றைக் கைவிட்டு ஏழு பண்புகளைத் தானே வகுத்துக்கொண்டது. 2021இல் அதே உலகம் இருபது முகப் பகடைகளோடு மேசைக்குத் திரும்பியது.

தமிழ்ச் சூழலில் இம்மாற்றத்துக்கு இசைவானது, 2023 யூலையில் ரொறன்ரோவிலிருந்து வெளிவந்த 'வெண்பா' என்னும் கணினி விளையாட்டு. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்நாட்டுத் தாயொருத்தி, பழுதடைந்த குறிப்பேட்டில் அழிந்த வரிகளை ஊகித்துச் சமைப்பதே அதன் ஆட்டம். திரையில் பிழைத்தால் மீண்டும் முயலலாம்; மேசையில் அச்சலுகை ஆட்டத்தைச் சப்பென்றாக்கிவிடும். கட்டிபட்ட புட்டை மகன் முகஞ்சுளித்து உண்பதும், தாய் அதைக் காணாதவள்போல் இருப்பதும் கதையின் அடுத்த காட்சியாகவேண்டும். குறிப்பேட்டையும் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம்.

இவ்வாட்டத்தைப் பனைகள் சூழ்ந்த யாழ்ப்பாணத்து அரியாலைக்குக் கொண்டுவந்தால் சிக்கல் வேறாகிறது. 'வெண்பா' புட்டைக் குழலில் அவிக்கிறது; யாழ்ப்பாணத்திலோ குழைத்த மாவைச் சுண்டு எனப்படும் தகரப் பேணியின் விளிம்பால் கொத்தி, பனையோலையில் கூம்பாக இழைத்த நீத்துப்பெட்டியில் அவிப்பர். திரையில் பெட்டியின் படம் தோன்றினால் பெயர் தெரியாதவரும் அதைத் தொட்டு ஆடலாம். மேசையிலோ வாயால் சொல்லப்படாத பொருள் அங்கே இல்லை. விதிநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடைப்பதால், அரியாலைச் சிறுவனும் அவனுடைய கனடா மச்சாளும் ஒரே மேசையில் அமர்ந்தால் நீத்துப்பெட்டி 'ஸ்டீமர்' ஆகிவிடும். சுண்டு வெறும் 'டின்' ஆகும். கொத்துதல் என்ற வினைக்கு இடமே இராது. எம்மொழியில் ஆடினாலும் ஆட்டம் ஆட்டமே என்பாரும் உளர். ஆயினும் கதை முழுவதும் பேச்சாலேயே எழும் ஆட்டத்தில், பேசும் சொல் மாறினால் உலகமும் உடன் மாறிவிடுகிறது.

மருந்தும் விதிநூலிலேயே உண்டு. 'ஃபால்அவுட்' மேசை விதிப்படி ஒரு முயற்சிக்கு இரு பகடைகள்; ஆட்டத்தில் சேர்த்த புள்ளிகளைச் செலவிட்டால் மேலும் மூன்றுவரை பெறலாம். அரியாலைப் பதிப்பில் அம்மேலதிகப் பகடைகளைப் புள்ளிகளுக்கு விற்காமல், கையிலுள்ள பொருளையும் செய்யும் வினையையும் ஊர்ப்பெயரால் சொல்பவருக்குக் கொடுக்கலாம்: சுண்டுக்கு ஒன்று, கொத்துதலுக்கு ஒன்று, நீத்துப்பெட்டிக்கு ஒன்று.