லிட்டருக்கு எவ்வளவு?

ஏழாம் வகுப்பில் எதிர் விகிதம் நடத்திக்கொண்டிருந்தேன். “லிட்டருக்கு 60 கி.மீ. ஓடும் வண்டிக்கு 5 லிட்டர் பெட்ரோல் தேவை. அதே தூரத்துக்கு, 50 கி.மீ. ஓடும் வண்டிக்கு எவ்வளவு தேவை?” என்று கேட்டேன். “6 லிட்டர்” என்ற மாணவன் உட்காரவில்லை. “சார், உங்க வண்டி எவ்வளவு குடுக்குது?” என்றான். வண்டி வாங்கியபோது கடையில் சொன்ன எண் மட்டும்தான் எனக்குத் தெரியும். நானாக ஒருநாளும் அளந்ததில்லை.

அளப்பது எளிது. டேங்கை முழுதாக நிரப்பி, மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் ஓட்டியபின் அதே பங்கில் மீண்டும் முழுதாக நிரப்ப வேண்டும். இடையில் ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். எனக்கு வந்த விடை 40.

களம்பூரிலிருந்து என் பள்ளிக்குப் போய்வர 36 கி.மீ. மாதத்துக்கு ஏறத்தாழ 800 கி.மீ. அப்படியானால் 20 லிட்டர்.

மெக்கானிக்கிடம் காட்டினேன். பின் டயரில் காற்று குறைவு. ஏர் ஃபில்டர் முழுக்கத் தூசி. அரிசி ஆலைகள் நிறைந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. செயினிலும் எண்ணெய் இல்லை. இவற்றைச் சரிசெய்ய அதிகம் செலவாகவில்லை.

மீதிக் குறை என்னுடையது. காலை வழிபாட்டுக்குள் போய்ச் சேர வேண்டுமென்று 60 கி.மீ. வேகத்தில் பறப்பேன், ஒவ்வொரு வேகத்தடையிலும் பிரேக் பிடிப்பேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 40-இல் இருப்பதைவிட 60-இல் அது 2.25 மடங்கு. பிரேக் பிடிக்கும்போதோ, பெட்ரோல் எரித்துப் பெற்ற இயக்க ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. ஆகவே பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினேன். சீராக 40–45-இல் ஓட்டினேன். ரயில்வே கேட்டில் எஞ்சினை நிறுத்தினேன்.

அடுத்த மாதம் அளந்தபோது 50 வந்தது. 20 லிட்டர் 16 ஆனது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 400 ரூபாய் மிச்சம்.

இந்தக் கணக்கை வகுப்பில் போட்டபோது ஒன்று தெளிவானது. 40 என்பது 50 ஆனால் 4 லிட்டர் மிச்சம். 50 என்பது 60 ஆனால் 2.67 லிட்டர்தான் மிச்சம். இரண்டிலும் கூடியது 10 கி.மீ.தான், மிச்சம் ஒன்றல்ல. அதாவது, குறைவாக ஓடும் வண்டியைக் கவனித்தால்தான் லாபம் அதிகம். புது வண்டி வாங்க வசதியில்லாத வீட்டுக்கு இது நல்ல செய்தி.

கேள்வி கேட்ட மாணவனின் அப்பா தறி நெய்பவர். நெய்த சேலையைப் பழைய மொபெட்டில் ஆரணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நூல் வாங்கி வருபவர். அந்த வாரமே மகன் அவர் வண்டியை அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான். 32. “டயருக்குக் காத்து அடிச்சாச்சு சார், அடுத்த வாரம் மறுபடி அளக்கிறேன்” என்றான்.

எதிர் விகிதத்தை உங்கள் வகுப்பில் தொடங்கும் முன், உங்கள் வண்டியை ஒருமுறை அளந்துவிடுங்கள். மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.