வீட்டில் பேயா? முதலில் காரணத்தைத் தேடுவோம்

பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு, "அந்த வீட்டிலே ஏதோ இருக்குதாம்" என்ற பேச்சு புதிதாக இருக்காது. நள்ளிரவில் மாடியில் காலடிச் சத்தம் கேட்கும், குழாய் தானாகச் சீறும், விளக்கு மினுக்கும், கூரையில் கல் விழும். பிறகு மந்திரவாதி வருவார். எலுமிச்சம்பழம் அறுபடும், பூசணிக்காய் உடைபடும், சில ஆயிரங்கள் கரையும். அப்படியும் பயம் தீராவிட்டால் வீட்டையே காலி செய்துவிடுவார்கள். சொந்த ஊரை விட்டு வந்து, பெரியவர்கள் துணையின்றிக் குடித்தனம் நடத்தும் நம் குடும்பங்களுக்கு இந்தப் பயம் இரண்டு மடங்கு.

பேய் உண்டா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. அவரவர் சாமி கும்பிடுவதையும் குறை சொல்லவில்லை. நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன். காரணம் தெரியாமல் ஒரு சிக்னல் சிவப்புக்கு மாறினால், "காத்து கருப்பு" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை தேடியாக வேண்டும். வீட்டு விஷயத்திலும் அதே பழக்கம் நமக்கு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாளே பா

1990-களில் இங்கே இருந்தவர்களுக்கு "நாளே பா" நினைவிருக்கும். கன்னடத்தில் "நாளை வா" என்று பொருள். இரவில் ஒரு பேய் வந்து நமக்கு வேண்டியவர்களின் குரலிலேயே கூப்பிடும், கதவைத் திறந்தால் உயிருக்கு ஆபத்து, கதவில் இப்படி எழுதி வைத்தால் படித்துவிட்டுத் திரும்பிப் போகும் என்று வதந்தி பரவியது. தெருத்தெருவாகக் கதவிலும் சுவரிலும் எழுதினார்கள். 2018-ல் வந்த "ஸ்திரீ" என்ற இந்திப் படத்துக்கும் இந்தக் கதைதான் வித்து. பேயை நேரில் பார்த்தவர் ஒருவரும் கிடைக்கவில்லை. பார்த்தவரைப் பார்த்தவர்கள் மட்டும் ஏராளம்!

இதே ஊரில்தான், 1976-ல், பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் எச். நரசிம்மையா அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் ஆராய்வதற்கென்று ஒரு குழுவை அமைத்தார். இயற்பியல் படித்தவர்; பசவனகுடி நேஷனல் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றியவர். கேள்வி கேட்டுப் பார்த்த பிறகே எதையும் ஏற்க வேண்டும் என்பதை வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தார்.

அவருக்கு முன்பே இலங்கையில் இந்த வேலையைச் செய்தவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர் (1898–1978). கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராகச் சேர்ந்தவர். பேய் வீடு என்று சொன்ன இடங்களுக்கெல்லாம் நேரில் போய் விசாரித்தார். மோசடிக்கு இடமில்லாத முறையில் அமானுஷ்ய சக்தியை நிரூபித்துக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-ல் அறிவித்தார். அவர் இறக்கும் வரை ஒருவரும் அதைப் பெறவில்லை.

சத்தமும் வெளிச்சமும்

இனி வீட்டுக்குள் வருவோம். இரவுச் சத்தங்களில் பாதி, வெப்பத்தின் வேலை. 20 அடி நீளமுள்ள இரும்புச் சட்டம் பகலைவிட 20 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். தண்டவாள இணைப்புகளில் இடைவெளி விடுவது இதற்காகத்தான். தகரக் கூரையும் பிளாஸ்டிக் குழாயும் இப்படிச் சுருங்கும்போது ஆணியிலும் கிளாம்பிலும் பிடிபட்டு, திடீரென்று விடுபடும். அந்த "டக், டக்" சத்தம் மாடியில் ஆள் நடப்பது போலவே இருக்கும். ஓட்டு வீடாக இருந்தால் எலி, மரநாய், கூகை ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூகையின் சீறலை இருட்டில் முதன்முதலாகக் கேட்பவர் குலைநடுங்கிப் போவார்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், இரவு இரண்டு மணிக்குக் குளியலறையில் ஒரு பெண் விம்மி அழும் சத்தம் கேட்டது. பரிகாரத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் இரண்டு வாரம் குறித்து வையுங்கள் என்றேன். குறித்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காவிரித் தண்ணீர் திறந்துவிடும் இரவுகளில் மட்டும் அழுகை! காலிக் குழாயில் தண்ணீர் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று, சரியாக மூடாத குழாய் வழியே பிதுங்கி வெளியேறுகிறது. புல்லாங்குழலிலும் நாதஸ்வரத்திலும் ஒலி எழுப்புவது இதே காற்றுதானே? குழாயின் வாஷரை மாற்றியதும் அழுகை நின்றது.

விளக்கு மினுக்குவதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மும்முனை மின்சாரம் உள்ள வீட்டில் நியூட்ரல் கம்பி தளர்ந்தால், ஓர் அறையில் விளக்கு மங்க, இன்னோர் அறையில் கண்ணைப் பறிக்கும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 300-க்கு மேலும் வரலாம், தீப்பிடிக்கவும் கூடும். அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அணைத்த பிறகும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக எரிந்தால் சுவிட்சை நியூட்ரலில் இணைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். வயரில்லாத அழைப்பு மணி தானாக அடித்தால், அடுத்த வீட்டுக்காரர் அதே ரக மணி வாங்கியிருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

உடம்பும் மூச்சும்

நடுத்தூக்கத்தில் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்குவதாகவும், கத்த வாய் வராததாகவும் சிலர் சொல்வார்கள். நம் ஊரில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். கனவு காணும் நேரத்தில் நம் தசைகள் தளர்ந்து செயலற்றிருப்பது இயற்கையின் ஏற்பாடு. அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன் மூளை விழித்துக்கொண்டால், கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, கனவின் மிச்சம் அறையில் உருவமாகத் தெரியும். ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம். ஷிப்டு வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

அடுத்தது உயிர் காக்கும் விஷயம். 1921-ல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வில்மர் என்ற டாக்டர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை எழுதினார். பழைய வீட்டுக்குக் குடிவந்தவர்களுக்குக் காலடிச் சத்தமும் உருவங்களும், தலைவலி, சோர்வு, பிள்ளைகள் வெளிறிப் போனார்கள், தொட்டிச் செடிகள்கூட வாடின. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, கார்பன் மோனாக்சைடு வாயு அறைக்குள் கசிந்துகொண்டிருந்தது. உலையைச் சரிசெய்ததும் "பேய்கள்" போய்விட்டன.

நமக்கு உலை இல்லை. ஆனால் பெங்களூர்க் குளிருக்கு கேஸ் கீசர் இருக்கிறது. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசரால் மயங்கி இறந்தவர்கள் இவ்வூரில் உண்டு. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குளிக்கப் போனவருக்கு அடிக்கடி தலை சுற்றினாலோ, மயக்கம் வந்தாலோ, உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவரிடம் காட்டுங்கள். கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றுங்கள். பேயை விரட்டுகிறோம் என்று கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரி நெருப்பில் சாம்பிராணி போடுவதும் இதே நச்சுவாயுவை அறைக்குள் நிரப்பும்.

கல்லும் தீயும்

கல் விழுவது, கொடியில் கிடக்கும் துணி எரிவது, சாப்பாட்டில் மண் கிடப்பது ஆகியவற்றுக்குக் குழாயோ கம்பியோ காரணம் ஆகாது. கோவூர் இத்தகைய வீடுகளில் மறுபடியும் மறுபடியும் கண்டது ஒரு மனிதக் கையைத்தான். அந்தக் கை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும்: பேச இடமில்லாத மருமகள், படிப்பில் நெருக்கப்படும் பையன், வேலைக்கு வந்த சிறுமி. சில வேளை, வீட்டைக் குறைந்த விலைக்குத் தட்டிப் பறிக்க நினைக்கும் வெளியாரும் உண்டு.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். உள்ளேயிருப்பவர் கை என்று தெரிந்ததும் "திருட்டுக் கழுதை" என்று அடிப்பது மந்திரவாதியின் வேப்பிலை அடிக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. கல் எறியும் பிள்ளை, வாயால் சொல்ல முடியாத ஒன்றைக் கல்லால் சொல்கிறது. ஊரை விட்டு, தாத்தா பாட்டியை விட்டு, தெரியாத மொழி பேசும் பள்ளியில் உட்காரும் பிள்ளைக்கு எவ்வளவோ சங்கடங்கள் இருக்கலாம். மனநல மருத்துவத்துக்கு நாடே தேடி வரும் நிம்ஹான்ஸ் நம் ஓசூர் சாலையில் இருக்கிறது. 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். பேய் ஓட்டுவதாகச் சொல்லி ஒருவரைக் கட்டிவைப்பதும் அடிப்பதும் கர்நாடகத்தின் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

செய்ய வேண்டியவை

1. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், இடம், அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை இரண்டு வாரம் எழுதுங்கள். கேள்விப்பட்டதைச் சேர்க்காதீர்கள்.

2. தண்ணீர் வரும் நேரம், மின்தடை, பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும் நேரம் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள்.

3. குழாய்க்காரர், எலக்ட்ரீஷியன் இருவரையும் ஒருமுறை முழு வீட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மந்திரவாதிக்குத் தருவதைவிடச் செலவு குறைவு.

4. உடல் தொந்தரவு இருந்தால் முதல் நாளே மருத்துவர்.

5. பிள்ளைகள் எதிரே பேய்க்கதை பேசாதீர்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

இத்தனைக்குப் பிறகும் காரணம் பிடிபடாத ஒன்றிரண்டு மிஞ்சலாம். மிஞ்சட்டும், தெரியாததைத் தெரியாது என்றே நோட்டில் எழுதி வையுங்கள். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை கலங்கியிருப்பது தெரிந்தால் அதைத் தள்ளிப் போடாதீர்கள். வேறு யார் முன்னாலும் உட்கார வைப்பதற்கு முன், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளை பேசுவதைக் கேளுங்கள்.