நீலத்திரை வந்தால் ஃபார்மட்தான் வழியா?

பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் திரை முழுவதும் நீலமாகிறது. இரண்டு மூன்று வரி ஆங்கிலம் தோன்றுகிறது. பிறகு தானாகவே அணைந்து மறுபடி கிளம்புகிறது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வணிகர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். ஒரு நாள் வரும். நான்கு நாள் வராது. பிறகு ஒரே நாளில் மூன்று முறை வரும். சர்வீஸுக்கு வருபவர் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "ஃபார்மட் போட்டுவிடலாம் சார்."

அந்த வார்த்தைக்குத் தலையாட்டும் முன் நாம் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். வாடிக்கையாளர்களின் கடன் பாக்கி, மொத்த வியாபாரிக்கு நாம் தர வேண்டியது, சரக்கு இருப்பு, விற்பனைப் பட்டியல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள், ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். "கம்ப்யூட்டரில் அழிந்துவிட்டது" என்ற பதில் அதிகாரியிடம் எடுபடாது. இவ்வளவையும் பணயம் வைத்து ஃபார்மட் செய்தாலும், அதே பழைய பிரிண்டர் சி.டி.யைப் போட்டு அதே டிரைவரை ஏற்றினால் அதே நீலத்திரைதான் திரும்ப வரும். ஆகவே காரணத்தைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

டிரைவர் என்பது யார்?

இங்கே டிரைவர் என்பது லாரி ஓட்டுபவர் அல்ல. பிரிண்டர், எடை மெஷின், பார்கோடு ஸ்கேனர், வைஃபை போன்ற ஒவ்வொரு கருவியோடும் விண்டோஸ் பேசுவதற்கு இடையில் நிற்கும் ஒரு சிறிய புரோகிராம்தான் டிரைவர். தரகர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பில்லிங் சாஃப்ட்வேர் போன்ற சாதாரண புரோகிராம்கள் கவுண்டருக்கு வெளியே நிற்கும் வாடிக்கையாளரைப் போன்றவை. ஒருவர் தகராறு செய்தால் அவரை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு வியாபாரத்தைத் தொடரலாம். ஆனால் பல டிரைவர்கள் கல்லாச் சாவியும் கிடங்குச் சாவியும் கையில் உள்ளவர்களைப் போன்றவை. விண்டோஸின் உட்பகுதியிலேயே அவை வேலை செய்கின்றன. அங்கே ஒன்று தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் கை வைத்தால், கணக்கு மேலும் கெட்டுப்போகாமலிருக்க விண்டோஸ் உடனே ஷட்டரை இறக்கிவிடுகிறது. அதுதான் நீலத்திரை. அதாவது, நீலத்திரை நோயல்ல. நோயைக் காட்டும் அறிகுறி.

கூட்ட நேரத்தில் மட்டும் வருவது ஏன்?

டிரைவரில் உள்ள பிழை எப்போதும் வெளியே தெரிவதில்லை. பில் அச்சாகும் அதே நொடியில் எடை மெஷினும் எடையை அனுப்பும்போதோ, ஒரு கேபிள் ஆடித் தொடர்பு விட்டு விட்டு வரும்போதோதான் அது தலைகாட்டும். இப்படிப்பட்ட தருணங்கள் மதிய வேளையில் குறைவு. சனிக்கிழமை மாலையில் அதிகம். ஆகவே, காரணமில்லாமல் வருவதுபோல் தோன்றினாலும் அதற்கு ஒரு காரணம் உண்டு.

எடை மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யு.எஸ்.பி. மாற்றுக் கேபிளிலும் ஒரு சிப் உண்டு. அதற்கும் தனி டிரைவர் உண்டு. விலை குறைவு என்று வாங்கும் கேபிள்கள் சிலவற்றில் போலி சிப் இருக்கும். 2014-இல் எஃப்.டி.டி.ஐ. என்ற சிப் நிறுவனத்தின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தபோது, அந்த நிறுவனத்தின் பெயரில் விற்ற போலி சிப்கள் வேலை செய்யாமல் நின்றுபோயின. கேபிளில் மிச்சம் பிடித்த பணம் இப்படியும் போகும்.

பெரிய இடங்களிலும் நடந்ததுதான்

1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சி ஒன்றில், பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே, விண்டோஸ் 98 ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கேனரைச் செருகினார்கள். உடனே நீலத்திரை வந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 2021 மார்ச்சில் நடந்தது. அம்மாதம் விண்டோஸ் 10-க்கு வந்த அப்டேட்டுக்குப் பின், சில கம்பெனிகளின் பிரிண்டர்களில் அச்சிடக் கட்டளை கொடுத்ததுமே நீலத்திரை வந்தது. அங்கே பிழை பிரிண்டரில் இல்லை. விண்டோஸிலேயே அச்சுக்கான ஒரு பகுதியில் இருந்தது. அந்த அப்டேட்டை நீக்கியவர்களுக்கு உடனே சரியானது. சில நாட்களில் மைக்ரோசாஃப்டே திருத்தம் வெளியிட்டது. அந்த வாரம் ஃபார்மட் செய்தவர்களுக்கு வீண் செலவுதான் மிச்சம்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பை அதன் டிரைவர் படித்தபோது, உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரை 'சேஃப் மோடில்' திறந்து அந்த ஒரு கோப்பை நீக்குவதுதான் தீர்வாக இருந்தது. ஃபார்மட் தேவைப்படவில்லை.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. திரையைப் போட்டோ எடுங்கள். கையில் உள்ள செல்போனே போதும். 'ஸ்டாப் கோட்' என்ற இடத்தில் உள்ள பெயரும், சில சமயம் அதனருகில் வரும் கோப்பின் பெயரும் முக்கியம். கோப்பின் பெயர் 'எஸ்.ஒய்.எஸ்.' என்று முடிந்தால் பெரும்பாலும் அது ஒரு டிரைவரின் பெயர். 2025-இல் வந்த மாற்றத்துக்குப் பின் விண்டோஸ் 11-இல் இத்திரை நீலத்துக்குப் பதில் கறுப்பாக வருகிறது; நிறம்தான் மாறியது, விஷயம் அதேதான்.

2. பில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். தேதி, மணி, அப்போது செய்த வேலை. நான்கு முறை எழுதினால், "ஒவ்வொரு முறையும் பிரிண்ட் கொடுக்கும்போது" அல்லது "எடை மெஷின் ஓடும்போது" என்று உங்களுக்கே புலப்படும்.

3. முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள். கம்ப்யூட்டர் ஓடும் நேரத்திலேயே பில்லிங் டேட்டாவைப் பென்டிரைவில் நகல் எடுத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல் நகலே அல்ல.

4. கடைசியாக என்ன மாறியது? புது பிரிண்டரா, புது கேபிளா, அப்டேட்டா, இரண்டாவது ஆன்டிவைரஸா? தேடும் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால், எந்தத் தேதியில் என்ன ஏறியது, எந்தத் தேதியில் கோளாறு வந்தது என்று ஒரே பக்கத்தில் காட்டும்.

5. அந்த மாற்றத்தைத் திருப்புங்கள். புதிதாகச் செருகியதைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். டிரைவர் புதிதாக மாறியிருந்தால், 'டிவைஸ் மேனேஜரில்' அக்கருவியைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழையது திரும்பும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால், டிரைவரை நீக்கிவிட்டு, கருவியைத் தயாரித்த கம்பெனியின் இணையதளத்திலிருந்து மட்டும் புதிதாக ஏற்ற வேண்டும். எல்லா டிரைவரையும் தானே புதுப்பிப்பதாகச் சொல்லும் இலவச சாஃப்ட்வேர்களை அண்டவிடாதீர்கள்.

6. கம்ப்யூட்டர் கிளம்பவே மறுத்தால் சேஃப் மோடுக்குப் போக வேண்டும். அதில் அத்தியாவசியமான டிரைவர்கள் மட்டுமே ஏறும். அங்கே மணிக்கணக்கில் நீலத்திரை வராமலிருந்தால், டிரைவர் மீதுள்ள சந்தேகம் வலுக்கிறது. சில கம்ப்யூட்டர்கள் அந்த நேரத்தில் பிட்லாக்கரின் 48 இலக்க எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் உங்கள் டேட்டாவை நீங்களே திறக்க முடியாது. நல்ல நாளிலேயே அதைக் காகிதத்தில் எழுதிப் பெட்டகத்தில் வைப்பது நல்லது.

எல்லாப் பழியும் டிரைவருக்கு அல்ல

ஒவ்வொரு முறையும் ஸ்டாப் கோடும் கோப்பின் பெயரும் வெவ்வேறாக வந்தால் மெமரி எனப்படும் ரேமைச் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' சோதனை இருக்கிறது; இரவில் ஓடவிடலாம். கம்ப்யூட்டர் மெதுவாகி, கோப்புகள் திறக்க மறுத்தால் ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். அப்போது டேட்டா நகல் எடுப்பதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. எந்தத் திரையும் வராமல் சட்டென்று அணைந்தால் மின்சாரம், யு.பி.எஸ்., பவர் சப்ளை ஆகியவற்றில் கோளாறு இருக்கலாம். மளிகைக் கடையில் மாவுத் தூசியும் மிளகாய்த் தூளும் ஃபேனை அடைத்துச் சூடேறுவதும் உண்டு.

சர்வீஸ் ஆளிடம் கேட்க வேண்டியவை

நாம் எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டியதில்லை. ஆனால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கோப்பால் வந்தது? 'மினிடம்ப்' கோப்பைப் பார்த்தீர்களா? (ஒவ்வொரு நீலத்திரையின் விவரத்தையும் விண்டோஸ் இந்தக் கோப்பில் பதிவு செய்ய முயலும்.) ஃபார்மட் செய்தே தீர வேண்டுமென்றால், டேட்டா நகலை என் முன்னால் திறந்து காட்டுவீர்களா? இம்மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்பவரே நம்பத் தகுந்தவர். அவர் கேட்பதற்கு முன்பே போட்டோவையும் குறிப்பையும் நீட்டினால், அவருடைய வேலையும் குறையும், நம் செலவும் குறையும்.

வியாபாரம் நிற்கக் கூடாது

கம்ப்யூட்டர் சரியாகும்வரை கையால் பில் போடத் தடையில்லை. ஜி.எஸ்.டி. விதிப்படி ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை எண்களில் பில் போடலாம். கையால் எழுதும் பில்லுக்கென்று தனி எழுத்தோடு ஒரு வரிசையை ஒதுக்கி, அந்த நிதியாண்டில் எண் மீண்டும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். பதிவு பெறாத வாடிக்கையாளர் பில் கேட்காதபோது, 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனைக்குத் தனித்தனி பில் இல்லாமல், நாள் முடிவில் ஒரே மொத்த பில் போடவும் இடமுண்டு. கம்ப்யூட்டர் சரியான பின் கையால் எழுதிய பில்களை அன்றன்றே ஏற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் இருப்புக் கணக்கு உதைக்கும்.

ஆகவே வணிகர்கள் இந்த வாரமே மூன்று காரியங்களை முடித்துவிடலாம்: டேட்டா நகல் எடுத்துத் திறந்து பார்ப்பது, பிரிண்டர், எடை மெஷின், கேபிள் ஆகியவற்றின் மாடல் எண்ணைக் குறித்து வைப்பது, கல்லாவுக்குக் கீழே அச்சடித்த பில் புத்தகம் ஒன்று வைத்திருப்பது. பிறகு நீலத்திரை வந்தாலும் கடையைச் சாத்த வேண்டியதில்லை.