போட்டியும் நீச்சற் பயிற்சியும்

வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார்; 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். அவர் பெயரைப் போற்றுதல் முறையே. ஆயின், சாதனை ஒருவர்க்குரியது. நீச்சலோ கரையில் வாழ்வார் யாவர்க்கும் வேண்டுவது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணிக் களப்பில் 2021 நவம்பர் 23ஆம் நாள் படகுப்பாதை கவிழ்ந்து, பள்ளிக்குச் சென்ற சிறாரும் மாண்டனர். பாலம் கட்டி முடியாத நிலையில் மக்கள் அப்பாதையையே நம்பியிருந்தனர்; ஆதலின் நீச்சல் ஒன்றே அவர்களைக் காத்திருக்கும் எனல் தகாது. எனினும், இல்ல விளையாட்டுப் போட்டிகளிற் கேடயம் பெறுவார் சிலர். பந்தரின்கீழ் அமர்ந்து கைதட்டுவார் பலர். போட்டிக்கென ஒதுக்கும் பொழுதில் ஒரு கூற்றையேனும், கைதட்டுவாரும் நீந்தப் பயிலுமாறு கடலோரப் பள்ளிகள் ஒதுக்குதல் வேண்டும்.