ஒதுக்கப்பட்ட வில்லையும் மகாவலிக் கரையும்

பழைய நிழற்படக் கருவிகளை வாங்கி விற்கும் கடைக்குச் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். 50 மில்லிமீற்றர் வில்லைகள் கண்ணாடிப் பேழைக்குள் மதிப்போடு வீற்றிருக்கும். அவற்றின் விலையைக் கேட்டால் நெஞ்சு சற்றே துணுக்குறும். அதே கடையின் மூலையில், தூசி படிந்த பெட்டியொன்றிலே, கேட்பாரற்ற வில்லைகள் சில கிடக்கும். அவை பெரும்பாலும் 1960, 1970 ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்ட 'சூம்' வில்லைகள். படச்சுருள் இட்டுப் படம் பிடிக்கும் வழக்கம் இளைஞரிடையே மீண்டும் தோன்றியிருக்கும் இந்நாளிலும் அவற்றை எவரும் விரும்பி எடுப்பதில்லை. வீட்டு அலுமாரியிலே தந்தையாரோ பாட்டனாரோ வைத்துப் போன கமரா ஒன்று இருந்து, அதன் முகத்தில் இத்தகைய வில்லை பொருந்தியிருக்குமாயின், முதற்காரியமாக அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று வாங்கும்படியே அறிந்தவர்கள் புத்தி கூறுகிறார்கள். அப்புத்திமதி முற்றிலும் சரியானதன்று என்பதே என் கருத்து. குறிப்பாக, கட்டுகஸ்தோட்டை போன்ற ஓர் ஆற்றங்கரை ஊரில் வாழ்பவர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

சூம் வில்லை என்பது யாது? சாதாரண வில்லைக்குக் குவியத் தூரம் ஒன்றே. அது மாறாது. ஆகவே, காட்சியிற் கூடுதலான பகுதி வேண்டுமாயின் படம் பிடிப்பவர் பின்னே செல்லவேண்டும். குறைவாக வேண்டுமாயின் முன்னே செல்லவேண்டும். சூம் வில்லையிலோ உள்ளே இருக்கும் கண்ணாடித் தொகுதிகள் தம்முள் இடைவெளி மாறி நகர்கின்றன. ஒரு தொகுதி உருவத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் தருகிறது. அவ்வாறு நகரும்போது உருவம் படச்சுருளின் மேல் விழாது முன்னோ பின்னோ விலகிவிடும் அல்லவா? அவ்விலகலை ஈடுசெய்ய இன்னொரு தொகுதியும் கூடவே நகரவேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் நகர்வனவல்ல. உலோகக் குழாயொன்றில் வளைவாக வெட்டிய காடிகள் அவற்றின் நடையை ஆளுகின்றன. அக்காடி மயிரிழை பிசகினாலும் படம் மங்கிவிடும். இவ்வளவு நுட்பமான வேலையை 60 ஆண்டுகளுக்கு முன்னர் செய்து முடித்தார்களே என்று வியப்பதை விட்டு, குறை சொல்லவே நாம் பழகிவிட்டோம்.

35 மில்லிமீற்றர் நிழற்படக் கமராவுக்கென முதன்முதலிற் சந்தைக்கு வந்த சூம் வில்லை 'சூமார்' என்பது. ஜேர்மனியின் வொய்க்லாண்டர் நிறுவனத்தின் பெயரால் 1959 ஆம் ஆண்டிலே அது வெளியாயிற்று. வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பிராங்க் பாக் என்னும் ஒளியியலாளரே அதை வகுத்தவர். 36 முதல் 82 மில்லிமீற்றர் வரை மாறும் அவ்வில்லைக்குள் 14 கண்ணாடிகள் இருந்தன. பாரமும் விலையும் மிகுந்த அதனைச் சாதாரண மனிதர் வாங்குவது எளிதாயிருக்கவில்லை.

சாதாரண மனிதரின் தோட்பைக்குள் சூம் வில்லையைக் கொண்டு சேர்த்தவற்றுள் முக்கியமானது யப்பானிலிருந்து வந்தது. அக்காலத்தில் நிப்பொன் கோகாக்கு என்று வழங்கிய நிக்கொன் நிறுவனம் 1963 ஆம் ஆண்டிலே 'சூம்-நிக்கோர் 43-86' என்னும் வில்லையை வெளியிட்டது. 7 தொகுதிகளாக அமைந்த 9 கண்ணாடிகள். பாரம் ஏறக்குறைய 410 கிராம். ஒற்றை வளையமே அதற்கு உண்டு: அதைச் சுழற்றினால் தெளிவு அமையும், முன்னும் பின்னும் தள்ளினால் குவியத் தூரம் மாறும். குழாயின்மேல், எத்தனை தூரம் வரை படம் தெளிவாயிருக்கும் என்பதைக் காட்டும் வண்ணக் கோடுகள் வளைந்து வளைந்து செல்லும். கோவிற் சுவரிலே தீட்டிய கொடிக்கோலம் போன்ற அக்கோடுகளின் அழகுக்காகவே அதை ஒருவர் வாங்கினாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

அவ்வில்லை ஏராளமாக விற்பனையாயிற்று. ஆயினும் இன்று, நிக்கொன் செய்தவற்றுள் மிகத் தாழ்ந்தது இதுவே என்று சொல்வாரும் உளர். அவர்கள் சொல்லும் குற்றங்கள் பொய்யல்ல. அவற்றை ஒளிக்காமற் சொல்லிவிடுவதே முறை.

முதலாவது, நேர்க்கோடு நேராக விழுவதில்லை. 43 மில்லிமீற்றரில் வைத்து ஒரு கட்டடத்தைப் பிடித்தால் அதன் ஓரச் சுவர்கள் பீப்பாயின் வயிறுபோல் வெளியே பிதுங்கும். 86 இல் வைத்துப் பிடித்தால் அதே சுவர்கள் உள்நோக்கி ஒடுங்கும். இரண்டாவது, ஒளி உள்ளே சிதறுகிறது. இதற்குக் காரணம் எளிது. 7 தொகுதிகளுக்கு, காற்றைத் தொடும் பரப்புகள் 14 உண்டு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பிவிடும். அவ்வாறு 14 முறை இழந்தால் எஞ்சுவது பாதிக்குச் சற்று மேல்தான். ஆகையால் அக்காலத்தார் மெல்லிய பூச்சொன்றைத் தடவி இழப்பைக் குறைத்தார்கள். ஆயினும் பிற்காலத்துப் பல்லடுக்குப் பூச்சுக்கு அது ஈடாகாது. இழந்த ஒளி போய்த் தொலைவதுமில்லை; வில்லைக்குள்ளே அங்குமிங்கும் மோதிப் படத்தின் மேல் மெல்லிய வெண்திரையாகப் படிகிறது. சூரியன் சட்டத்துக்குள்ளோ அருகிலோ நின்றால் இத்திரை கனத்துவிடும். மூன்றாவது, அதன் துவாரம் சிறிது. எஃப் 1.4 துவாரமுள்ள 50 மில்லிமீற்றர் வில்லை உள்ளே விடும் ஒளியில் ஆறிலொரு பங்கையே எஃப் 3.5 விடுகிறது. மாலை மங்கினால் படச்சுருளுக்கு ஒளி போதாது. இவை தவிர, 1.2 மீற்றருக்குக் கிட்டே உள்ள பொருளை அதனாற் தெளிவாகப் பிடிக்கவும் இயலாது.

நிற்க. இக்குற்றங்களை ஓர் இடத்திற் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம்.

கட்டுகஸ்தோட்டை கண்டி நகரின் வடபால், மகாவலி கங்கையின் கரையிலே உள்ள ஊர். 'தோட்ட' என்னும் சிங்களச் சொல்லுக்குத் துறை என்பது பொருள். முள்மரத்துறை என்று அவ்வூர்ப் பெயரைத் தமிழ்ப்படுத்தலாம். யானைகள் அங்கே ஆற்றில் நீராடும் காட்சி சென்ற நூற்றாண்டின் அஞ்சலட்டைகள் வழியாக உலகமெங்கும் சென்றது. அவ்வகையில், இலங்கையிலே கமராவின் கண் முன்கூட்டியே பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. ஊருக்குச் சற்றுக் கீழே பொல்கொல்லையில் 1976 ஆம் ஆண்டு அணைக்கட்டு அமைந்தது. ஆற்றங்கரையிலே மூங்கிலும் புல்லும், நீரின்மேல் விடியற்காலை மூட்டமும், பின்னே குன்றுகளும்.

இப்போது, "சூம் வில்லை சோம்பேறிக்கு உரியது, நல்ல படப்பிடிப்பாளன் காலால் நடந்து நெருங்குவான்" என்னும் புகழ்பெற்ற உபதேசத்தைக் கரையிலே நின்று நினைத்துப் பாருங்கள், நேயர்களே. எங்கே நடப்பது? முன்னே ஆறு. பின்னே பெரும்பாலும் வீதியோ மேட்டுச் சரிவோ. கரையில் நிற்பவருக்கு நடப்பதற்கு வாய்த்த இடம் நாலைந்து அடிதான். 20 மீற்றருக்கு அப்பால் நீரில் ஒருவர் குளித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 43 மில்லிமீற்றரில் வைத்தால் அத்தூரத்தில் ஏறக்குறைய 17 மீற்றர் அகலம் சட்டத்துக்குள் அடங்கும்: குளிப்பவர், கரை, மூங்கிற் புதர் எல்லாம் உண்டு. 86 க்குத் தள்ளினால் 8 மீற்றருக்குச் சற்று மேல் மாத்திரம் அடங்கும்: குளிப்பவரும் அவரைச் சூழ்ந்த நீர் வளையங்களும். நின்ற இடம் மாறவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு படங்கள் கிடைத்தன. ஒரு கொக்கு எழுந்து பறக்கும்போது வில்லையைக் கழற்றி மாற்றிக்கொண்டிருப்பவருக்கு ஒரு படமும் கிடையாது.

இதிலே பலர் எண்ணிப் பார்க்காத ஒரு நுட்பமும் உண்டு. நடப்பதும் சூம் செய்வதும் ஒன்றல்ல. நாம் நடந்து நெருங்கினால் கிட்டே உள்ள மனிதர் விரைவாகப் பெருப்பார்; தூரத்துக் குன்றோ அப்படியே இருக்கும். இருவருக்கும் இடையிலுள்ள விகிதம் மாறிவிடும். சூம் செய்தால் மனிதரும் குன்றும் ஒரே அளவில் சேர்ந்து பெருப்பர். காட்சியின் தோற்றத்தைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் இடம். அதில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது குவியத் தூரம். ஆறு நமக்கு நிற்கும் இடத்தை விதித்துவிடுகிறது. எஞ்சியுள்ள சுதந்திரத்தைத் தருவது சூம் ஒன்றே.

இனி முற்கூறிய குற்றங்களுக்கு வருவோம். நீருக்கும் மூங்கிலுக்கும் யானைக்கும் குன்றுக்கும் நேர்க்கோடு ஏது? வளைந்த ஒன்றை வில்லை சற்றே கூடுதலாக வளைத்தால் அதை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒளிச்சிதறலும் அவ்வாறே. நம் நாட்டு உச்சி வெயிலிலே முகத்தின் ஒரு பாதி வெள்ளையாகவும் மறு பாதி கரியாகவும் விழுவது எல்லோரும் அறிந்த தொல்லை. உள்ளே சிதறும் ஒளி நிழற்பகுதிகளிலும் சிறிது படிவதனால், அக்கரிய பாதி ஓரளவு இளகுகிறது. நிறப் படச்சுருளில் வண்ணங்கள் சற்று அடங்கித் தோன்றும். கறுப்பு வெள்ளையிலோ, அச்சிடும்போது கடினமான தாளைத் தேர்ந்து இழந்த அழுத்தத்தை மீட்டுக்கொள்ளலாம். விடியற்கால மூட்டத்துக்கு அதுவும் வேண்டியதில்லை. மூட்டமே ஒரு வெண்திரை.

கூர்மை குறைந்த வில்லையால் நல்ல படம் வராது என்று முடிவு கட்டுவோருக்கு நம் மலைநாட்டிலேயே ஒரு மறுமொழி உறங்குகிறது. கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் அம்மையார் தம் 48 ஆவது வயதில், 1863 ஆம் ஆண்டில், மகள் பரிசளித்த கமராவைக் கொண்டு படம் பிடிக்கத் தொடங்கினார். அவர் படங்கள் தெளிவற்றவை, செம்மையற்றவை என்று அக்காலத்து நிழற்படப் பத்திரிகைகள் ஏளனம் செய்தன. அவர் அந்த மென்மையை மாற்றவில்லை. 1875 இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் இருந்தபோது இந்நாட்டு மக்களையும் படம் பிடித்தார். 1879 இல் டிக்கோயாவிற் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவரை ஏளனம் செய்தவர்களின் கூர்மையான படங்களை இன்று தேடுவோர் அரியர்.

ஆனால் இதைக் காட்டி, எந்தப் பழுதையும் அழகு என்று கொண்டாடுவதும் எனக்கு உடன்பாடன்று. பழுது இரு வகை. வில்லையை வகுத்தவர் விட்டுச் சென்ற குறை ஒன்று. அது எப்போதும் ஒரே அளவில் இருப்பதனால் அதை அறிந்து நடக்கலாம். காலமும் ஈரமும் செய்த கேடு மற்றொன்று. அது நாளுக்கு நாள் வளரும். கண்டிப் பிரதேசத்து வீடுகளில் இந்த இரண்டாவதே உண்மையான பகைவன். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 60 க்கு மேல் நெடுநாள் நீடிக்கும் இடத்தில், இருளில் மூடிவைத்த கண்ணாடியின் மேல் பூஞ்சணம் சிலந்தி வலைபோற் படரும். அது வெளியிடும் அமிலம் பூச்சை அரித்துவிட்டால் பிறகு எந்தக் கைவினைஞராலும் அதை மீட்க இயலாது. கமராவை அருமையாகத் தோலுறையிலிட்டு அலுமாரியிற் பூட்டி வைத்தவர்களே இக்கேட்டுக்கு அதிகம் ஆளாகிறார்கள், ஏனெனில் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே காற்றாட மேசைமேற் கிடக்கும் வில்லை அதைவிட நீண்ட நாள் வாழும். காற்றுப் புகாத பெட்டியொன்றில் சிலிக்கா மணிகளோடு வைப்பது இன்னும் நன்று.

எனவே, அலுமாரியிலிருந்து இத்தகைய வில்லையை எடுப்பவர் முதலிற் செய்யவேண்டியது அதைத் திறந்த துவாரத்தோடு பிடித்து, பின்புறமிருந்து கைவிளக்கொளியைச் செலுத்திப் பார்ப்பதே. வலைபோன்ற நரம்புகள் தென்பட்டால் தாமதியாது பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கவேண்டும். இரண்டொரு தூசித் துணுக்குகளைக் கண்டு அஞ்சவேண்டாம். அவை படத்தில் விழா. துவாரத் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, வளையம் தானாக வழுக்குகிறதா என்பவற்றையும் கவனிக்கவேண்டும். இன்னொன்று: 1977 ஆம் ஆண்டில் நிக்கொன் தன் இணைப்பு முறையை மாற்றியது. அதற்கு முந்திய வில்லையைத் திருத்தியமைக்காமற் பிந்திய கமராக்கள் பலவற்றிற் பூட்ட முயன்றால் கமராவுக்குச் சேதம் நேரக்கூடும். பழைய வில்லைக்குப் பழைய கமராவே துணை.

பயன்படுத்தும்போது எஃப் 8 அளவுக்குத் துவாரத்தைச் சுருக்கினால் ஓரங்களும் ஓரளவு தெளிவடையும். வெயிலைத் தடுக்கும் மறைப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். கையால் மறைத்தாலும் போதும். தெளிவை 86 இல் வைத்து அமைத்துக்கொண்டு, பிறகு வேண்டிய அளவுக்கு விரிப்பது நல்ல பழக்கம், ஏனெனில் உருவம் பெரிதாக இருக்கும்போது தவறு கண்ணுக்குத் தெரியும். 86 இல் 125 இலொரு செக்கனுக்குக் குறையாத வேகம் வைத்தாற் கைநடுக்கம் படத்தில் ஏறாது.

பாலத்தையும் பிடிக்க விரும்புவோருக்கு ஒரு வழி உண்டு. மாத்தளைப் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட 1880 முதல் கட்டுகஸ்தோட்டையின் ஆற்றுக் காட்சியிற் பாலத்தின் நேர்க்கோடும் ஓர் அங்கமாயிற்று. அதைக் கோணலாகக் காட்டுவது நியாயமன்று. 43 இல் வெளியே பிதுங்கும் கோடு 86 இல் உள்ளே ஒடுங்குகிறதென்றால், இடையில் ஏதோ ஓரிடத்தில் அது நேராக இருந்தாக வேண்டும். செங்கற் சுவரொன்றின் முன் கமராவை முக்காலியில் நிறுத்தி, வளையத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஆறேழு படங்கள் பிடியுங்கள். கழுவிய சுருளில் வரிசை நேராக விழுந்த படம் எதுவென்று பார்த்து, அந்த நிலையைக் குழாயின்மேல் வெள்ளைப் பென்சிலால் ஒரு புள்ளியிட்டு வைத்துக்கொள்ளலாம்.