சிவப்பு காலிப்பர் காரை விரைவாக நிறுத்துமா?

மாணவர்களே, பள்ளி வாசலில் நிற்கும் கார்களின் சக்கரங்களுக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். சில கார்களில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு பாகம் பளிச்சென்று தெரியும். அதன் பெயர் காலிப்பர். பந்தயக் கார்களில் பார்த்த அழகுக்காகப் பலர் ஒரு ஸ்பிரே டின் வாங்கி, வீட்டு வாசலிலேயே அதற்குச் சாயம் பூசிவிடுகிறார்கள். இதனால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா? கெடுதல் ஏதும் வருமா? பதில் சொல்வதற்கு முன் காலிப்பர் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

சக்கரத்தைப் பிடிக்கும் இடுக்கி

சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது. இதுதான் டிஸ்க். காலிப்பர் அந்தத் தட்டின் இரு பக்கத்தையும் இடுக்கி போலக் கவ்வி நிற்கும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் குழாயில் உள்ள பிரேக் எண்ணெய் அழுத்தத்தைக் கடத்துகிறது. படிவம் 5 இயற்பியலில் வரும் பாஸ்கல் கோட்பாடு இங்கேதான் வேலை செய்கிறது. அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ள, பிரேக் பேட் தட்டை இறுக்குகிறது.

மிதியை விட்டதும் பிஸ்டன் பின்வாங்க வேண்டுமல்லவா? அதற்கு அங்கே சுருள்வில் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் மிதிக்கும்போது சற்று வளைந்து, விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்த மீள்தன்மையே பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது. பால் மரத்தை நம்பி வாழ்ந்த நம் பேராக் தோட்டத்து மக்களுக்கு ரப்பரின் இந்தக் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், பிரேக்கில் இருப்பது செயற்கை ரப்பர்.

ஒரு நிறுத்தம், ஒரு லிட்டர் வெந்நீர்

ஓடும் காரின் இயக்க ஆற்றல் மறைந்து போவதில்லை; பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. எவ்வளவு வெப்பம்? ஏறக்குறைய 1,000 கிலோ எடையுள்ள சிறிய கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் போகிறது. ½mv² என்ற சூத்திரத்தில் போட்டால் 312,500 ஜூல் வரும். 28 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 302,400 ஜூல் போதும். ஒருமுறை காரை நிறுத்தும்போது உண்டாகும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு! அதில் பெரும்பங்கு முன்சக்கர பிரேக்குகளுக்கே போகிறது.

கடுமையாகப் பிரேக் பிடித்தால் டிஸ்க் பல நூறு டிகிரி வரை சூடேறும். காலிப்பர் அவ்வளவு சூடாகாவிட்டாலும், 100 டிகிரியைத் தாண்டக்கூடும். வீட்டுக் கதவுக்குப் பூசும் சாயம் அந்தச் சூட்டில் நிறம் மாறி, வெடித்து உரிந்துவிடும். சூடு தாங்கும் சாயங்கள் பலவற்றில் சிலிக்கோன் பிசின் இருக்கும். அதன் முதுகெலும்பு சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு. அதை உடைக்க ஒரு மோலுக்குச் சுமார் 450 கிலோஜூல் தேவை. சாதாரணச் சாயத்தின் கார்பன்–கார்பன் பிணைப்புக்குச் சுமார் 350 போதும். ஆகவே, டின்னில் எந்த வெப்பநிலை வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறது என்பதை முதலில் படிக்க வேண்டும்.

நிறம் சூட்டைக் குறைக்குமா?

‘கறுப்பு வெப்பத்தை நன்றாக வெளிவிடும்’ என்று படித்திருப்பீர்கள். அது கண்ணுக்குத் தெரியும் நிறத்தைப் பற்றியது அன்று. காலிப்பரின் சூடு அகச்சிவப்புக் கதிராக வெளியேறுகிறது. அந்தக் கதிரைப் பொறுத்தவரை சிவப்பு, மஞ்சள், கறுப்பு, ஏன் வெள்ளைச் சாயம்கூட ஏறக்குறைய ஒன்றுதான். தவிர, பிரேக்கின் சூட்டைப் பெரும்பாலும் கொண்டுபோவது ஓடும்போது மோதும் காற்று. பந்தயக் கார் விரைவாக நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் பெரிய டிஸ்க், பல பிஸ்டன், நல்ல பேட், நல்ல டயர். நிறத்துக்கு அதில் பங்கில்லை.

அப்படியானால் சாயத்தால் பயனே இல்லையா? உண்டு. பல கார்களின் காலிப்பர் வார்ப்பிரும்பால் ஆனது. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. மழைக்குப் பெயர்பெற்ற தைப்பிங்கிலும், செம்மண் சேறு தெறிக்கும் தோட்டப்புறச் சாலைகளிலும் ஓடும் கார்களுக்குத் துரு விரைவில் பிடிக்கும். சாயப் படலம் நீரையும் ஆக்சிஜனையும் இரும்பிடமிருந்து பிரித்து வைக்கிறது.

பூசும்போது கவனிக்க வேண்டியவை

இது மாணவர்கள் தனியாகச் செய்யும் வேலை அன்று; விவரம் தெரிந்த பெரியவர் உடனிருக்க வேண்டும்.

ஜாக்கை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றக்கூடாது. சமதளத்தில் நிறுத்தி, உறுதியான தாங்கிகளின் மேல் காரை அமர்த்த வேண்டும். பிரேக் முழுவதும் ஆறியிருக்க வேண்டும்.

பிரேக் தூசியை வாயால் ஊதக்கூடாது, நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்க வேண்டும். பிறகு கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் சாயம் ஒட்டாது.

டிஸ்க், பேட், ரப்பர் உறைகள், காலிப்பர் நகரும் ஊசிகள், பிரேக் எண்ணெயை வெளியேற்றும் சிறு திருகு ஆகியவற்றை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். பேட்டிலும் டிஸ்க்கிலும் சாயம் பட்டால் உராய்வு குறையும். ரப்பரில் தின்னர் பட்டால் உப்பிக் கெடும். ஊசி ஒட்டிக்கொண்டால் காலிப்பர் சீராக நகராது.

ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் மேல்தோல் முதலில் காயும். உள்ளே சிக்கிய கரைப்பான் பிறகு ஆவியாகிக் கொப்புளம் போடும். அதனால் மெல்லிய பூச்சுகளே நல்லவை. மழை இருட்டும் மாலையைத் தவிருங்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். சாயம் வெளுத்துப் போகும்.

உயிரைக் காப்பது எது?

கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் mgh கணக்குப்படி 9,800,000 ஜூல் ஆற்றலை இழக்க வேண்டும். மேலே சொன்ன நிறுத்தத்தைப் போல 31 மடங்கு! காற்றும் டயரும் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டாலும், மீதியைப் பிரேக்கே சுமந்தால் சூடு காலிப்பர் வழியாக எண்ணெய்க்கு ஏறும்.

டாட் 3 வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. 100 பங்கில் 4 பங்குக்கும் குறைவான நீர் சேர்ந்தாலே, அதற்கான தர அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. எண்ணெய் கொதித்தால் குமிழிகள் உண்டாகும். வாயு அமுங்கும்; அழுத்தத்தைக் கடத்தாது. மிதி தரைவரை போகும், கார் நிற்காது. காலிப்பர் எந்த நிறத்தில் இருந்தாலும் இதுதான் நடக்கும்.

ஆகவே, அப்பாவோ அண்ணனோ காலிப்பருக்குச் சாயம் பூச நினைத்தால் பூசட்டும். அதோடு, “பிரேக் எண்ணெயை எப்போது மாற்றினீர்கள்?” என்று கேளுங்கள். மலை இறங்கும்போது சிறிய கியரில் போட்டு, எஞ்சினையும் வேகத்தைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்: வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அதே கார் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிறது. 90-ஐ விட வேகம் சுமார் 22 விழுக்காடுதான் அதிகம். பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் எத்தனை விழுக்காடு கூடும்?